முழங்கால் தசைநாரும் மனிதனின் நடையும்

நடப்பதை நாம் ஒரு வேலையாகவே கருதுவதில்லை. முழங்காலில் பலத்த அடிபட்டவர்தாம் ஒவ்வோர் அடியையும் எண்ணி வைக்கிறார். தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும், மூட்டின் உள்ளே இரண்டு தசைநார்கள் குறுக்கும் மறுக்குமாகப் பிணைத்திருக்கின்றன. அவற்றுள் முன் தசைநார், கீழ்க்கால் எலும்பு முன்னோக்கி நழுவாதபடி காக்கின்றது. ஓட்டத்தில் சட்டென்று திரும்பும்போதும், குதித்துத் தரையில் ஊன்றும்போதும் பெரும்பாலும் அறுந்து போவது இதுவே. அவ்வாறு அறுந்தால் மனிதனின் நடை என்னவாகும் என்பதை மருத்துவ உலகம் உணர்ந்த வரலாறு, ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் நீண்டது.

1836-ஆம் ஆண்டில், வில்ஹெல்ம் வெபர், எட்வர்ட் வெபர் என்னும் ஜெர்மானியச் சகோதரர்கள் மனித நடையின் இயக்கத்தைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டனர். மூத்தவர் பௌதிக அறிஞர். இளையவர் உடலியல் அறிஞர். இத்தசைநார்களை வெட்டினால் மூட்டு முன்னும் பின்னும் இயல்புக்கு மாறாக அசைகின்றது என்பதை அவர்கள் கண்டனர்.

காரணம் புலப்பட்டதேயொழிய, பரிகாரம் உடனே கிடைக்கவில்லை. 1895-இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில், மேயோ ராப்சன் என்னும் அறுவை மருத்துவரிடம் 41 வயதுடைய சுரங்கத் தொழிலாளி ஒருவர் வந்தார். மண் சரிந்து விழுந்ததில் அவருடைய முழங்கால் நிலைகுலைந்திருந்தது. அறுந்த தசைநார்களை ராப்சன் தைத்துப் பொருத்தினார். ஆறு ஆண்டுகளுக்குப் பின்னர் அத்தொழிலாளி நொண்டாமல் நடந்தார், ஓடவும் முடிந்தது. காலை நம்பிப் பிழைப்பவருக்கு இது மறுவாழ்வே அன்றோ! 1917-இல் பிரிஸ்டல் நகரத்து ஹே குரோவ்ஸ், தொடையின் பக்கவாட்டிலுள்ள நார்ப்பட்டையிலிருந்து ஒரு கீற்றெடுத்துப் புதிய தசைநார் அமைத்தார்.

இவர்கள் காலத்தில் தசைநார் ஒரு கயிறு போன்றே கருதப்பட்டது. அது வெறும் கயிறன்று என்பது பின்னரே தெளிவாயிற்று. மூட்டின் நிலையையும் அசைவையும் உணர்த்தும் நரம்பு முனைகள் மனிதரின் குறுக்குத் தசைநார்களில் இருப்பதை 1984-இல் ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினர். ஆகவே, தசைநார் அறுந்தால் பிணைப்பு மட்டுமன்றி, மூளைக்குச் செல்லும் செய்தியும் குறைகின்றது. 1990-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, முன் தசைநார் இழந்தவருள் பலர் தம்மையறியாமலே தொடையின் முன்தசைக்கு வேலை குறையுமாறு நடையை மாற்றிக்கொண்டதைக் காட்டியது. வலி நீங்கிய பின்னும் இத்தகைய மாற்றம் தங்கிவிடக் கூடும். வேலை குறைந்த தசை மெலிகின்றது. மூட்டு வழுகும்போதெல்லாம், எலும்புகளுக்கு இடையேயுள்ள பிறைவடிவக் குருத்தெலும்பும் தேய்கின்றது, கிழிகின்றது.

இதன் நீண்டகால விளைவை 2004-இல் வெளியான சுவீடன் நாட்டு ஆய்வொன்று உணர்த்தியது. தசைநார் அறுந்து 12 ஆண்டுகள் கழிந்த கால்பந்தாட்டப் பெண்களை அங்கே பரிசோதித்தனர். அவர்களுடைய சராசரி வயது 31 தான். எக்ஸ்-கதிர்ப் படம் எடுக்கப்பட்டவருள் சுமார் பாதிப் பேருக்கு, முதுமையில் வரும் மூட்டுத் தேய்வு அப்போதே வந்திருந்தது. அறுவை செய்துகொண்டவர்களும் இதற்கு விலக்கல்லர்.

அப்படியாயின் செய்யத் தக்கது யாது? 2010-இல் அதே நாட்டில் 121 இளம் வயதினரைக் கொண்டு நடந்த சோதனையின் முடிவு வெளியாயிற்று. ஒரு பிரிவினருக்கு உடனே அறுவையும் பயிற்சியும். மற்றவருக்கு முதலில் பயிற்சி, தேவைப்பட்டால் மட்டுமே பின்னர் அறுவை. ஈராண்டு முடிவில் இரு பிரிவினரின் நலமும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. பின்னைய பிரிவின் 59 பேரில் 36 பேருக்கு அதுவரை அறுவையே தேவைப்படவில்லை. எனினும், எல்லோருக்கும் ஒரே வழி பொருந்தும் என்று இதனாற் கொள்ளலாகாது; அவரவர் மூட்டையும் தொழிலையும் கண்டு மருத்துவரே முடிவு செய்தல் வேண்டும்.

வெளியூரில் வேலை செய்யும் நம்மவர், வீக்கம் வடிந்ததும் விடுப்பை முடித்துக்கொண்டு பணிக்கு விரைவது இயல்பு. ஆனால் வீக்கம் வடிவது வேறு, நடை திரும்புவது வேறு. தொடைத்தசையை வலுப்படுத்தி, காலுக்கு நடையை மீண்டும் கற்பிக்கும் பயிற்சி பல மாதங்கள் வேண்டும். அந்த மாதங்களைக் கொடுக்கத் தயங்குபவர், பின்னாளில் ஒவ்வொரு மாடிப்படியிலும் அதற்கு விலை கொடுக்க நேரிடும்.