ஊர்விட்டுப் போனவர்களின் ஓட்டு

எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் முன்பு ஏழு சட்டமன்றத் தொகுதிகள். 2008 தொகுதி மறுவரையறையில் திருவட்டாறு தொகுதி மறைந்து ஆறாயிற்று. தமிழ்நாட்டின் மொத்த இடம் 234 என்று மாறாதிருக்க, 2001 கணக்கெடுப்பின்படி அதை மாவட்டங்களுக்குள் பங்கிட்டார்கள். பிள்ளைகளை அளவோடு பெற்று, படிக்கவைத்து, வேலைக்கு வெளியே அனுப்பிய மாவட்டம் ஓரிடம் இழந்தது. சென்னையும் அதன் சுற்றுவட்டாரமும் கூடுதல் இடம் பெற்றன. எனக்கு அது இன்றும் ஆறாத மனக்குறை.

அதற்கு வெகுமுன் இங்கே நகர்ந்தது மாநில எல்லை. தக்கலையைத் தலைமையிடமாகக் கொண்ட கல்குளம் உட்பட, தென் திருவிதாங்கூரின் நான்கு தாலுகாக்கள் 1956 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டோடு சேர்ந்தன. அந்த இணைப்புக்காக 1954 ஆகஸ்ட் 11 துப்பாக்கிச் சூட்டில் உயிர்விட்டவர்களின் போராட்டம் அது. அதை நடத்திய நேசமணியின் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் பிறகு காங்கிரஸில் கரைந்தது. அந்தக் காங்கிரஸ் பற்று வீட்டுக்கு வீடு தங்கிவிட்டது. 1967இல் மாநிலமே தி.மு.க. பக்கம் சாய்ந்தபோதும் நாகர்கோவில் நாடாளுமன்றத் தொகுதியில் நேசமணிதான் வென்றார். அவர் மறைந்தபின் 1969 இடைத்தேர்தலில் காமராஜர். தி.மு.க. இங்கிருந்து முதன்முதலாக நாடாளுமன்றம் போனது 2009இல்தான்.

1982 மண்டைக்காடு இந்து-கிறிஸ்தவக் கலவரத்துக்குப்பின், எந்த மதத்தார் எத்தனை பேர் என்ற கணக்கு ஓட்டுக்குள் புகுந்தது. 1957இல் காங்கிரஸ் எம்.பி.யான தாணுலிங்க நாடாரே இந்து முன்னணித் தலைவரானார். தமிழ்நாட்டின் முதல் பா.ஜ.க. எம்.எல்.ஏ. வேலாயுதன் 1996இல் வென்றது தக்கலை அடங்கிய பத்மநாபபுரத்தில். 2011 கணக்கெடுப்பில் இந்துக்கள் சுமார் 48.6 விழுக்காடு, கிறிஸ்தவர்கள் 46.8. யார் கூடினார், யார் குறைந்தார் என்று சண்டையிட்டவர்கள், இரு வீட்டுப் பிள்ளைகளும் ஒரே விமானத்தில் வளைகுடாவுக்குப் போனதைக் கணக்கில் கொள்ளவில்லை.

பள்ளி ஆசிரியராக இருந்தபோது வாக்காளர் பட்டியல் சரிபார்க்கத் தக்கலையில் வீடுவீடாகப் போயிருக்கிறேன். "மவன் துபாயில நிக்கான் சாரே, பேர வெட்டிராதுங்க" என்று தாய்மார் கையைப் பிடிப்பார்கள். பேருக்காக மட்டும் அவர்கள் கெஞ்சவில்லை. பேர் போனால் பிள்ளைக்கு ஊரே இல்லாமல் போய்விடும் என்ற பயம் அது.

2011 முதல் வெளிநாடுவாழ் இந்தியக் குடிமக்கள் சொந்த ஊரில் வாக்காளராகப் பதியலாம். ஆனால் ஓட்டுப்போட நேரில் வரவேண்டும். கூலிக்குப் போனவன் ஒரு நாள் ஓட்டுக்காக விமானக் கட்டணம் கட்டுவானா? அவர்களுக்குத் தபால் வாக்கு கிடைக்க வேண்டும். அடுத்த மறுவரையறை வருமுன் நம் ஊர்க்காரர்கள் எல்லாக் கட்சியிடமும் இதைக் கேளுங்கள்.