கடல்கடந்த இல்லறமும் தமிழ்ப் பெண்டிரும்

பொருள்தேடிக் கடல்வழிச் செல்லும் தலைவன் தலைவியை உடனழைத்துச் செல்லும் வழக்கம் இல்லை என்று வரையறுத்தது தொல்காப்பியம். அக மரபில் கடல் பிரிவின் எல்லையாயிற்று. பிற்காலத்தில் அவ்வெல்லையைக் காத்து நின்றது மரபன்று; அரசின் சட்டம். கணவன் வாழும் நாட்டில் மனைவி கால்வைக்க ஆட்சியாளரின் இசைவு வேண்டியதாயிற்று. அவ்வுரிமைக்காகத் தமிழ்ப் பெண்டிர் சிறை புகுந்த வரலாறு தென்னாப்பிரிக்காவுக்கு உரியது.

1860இல் சென்னையிலிருந்து புறப்பட்ட 'துரூரோ' என்னும் கப்பல் டர்பன் துறையை அடைந்தது. 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக நேட்டால் சென்ற இந்தியர் ஏறத்தாழ 1,52,000 பேர். அவர்களுட் பெரும்பகுதியினர் சென்னை மாகாணத்தார். அவர்களை மிகுதியாக அனுப்பிய மாவட்டங்களுள் வட ஆர்க்காடும் ஒன்று. இன்றைய திருவண்ணாமலை மாவட்டம் 1989இல் அதினின்றும் பிரிந்ததேயாகும்.

1913 மார்ச் 14ஆம் நாள் கேப் மாகாண நீதிபதி சியர்ல் ஒரு தீர்ப்பு வழங்கினார். கணவர் ஹசன் ஈசாப்புடன் வாழ வந்த பாய் மரியம் என்பவரின் வழக்கு அது. பலதார மணத்துக்கு இடந்தரும் சமய முறைப்படி நிகழ்ந்த திருமணம் அந்நாட்டுச் சட்டத்தின்முன் செல்லாது என்பது அதன் சாரம். இஸ்லாமியப் பெண் ஒருவரின் வழக்கில் பிறந்த அத்தீர்ப்பு, இந்து மணங்களையும் ஐயத்துக்கு உள்ளாக்கியது. தாலி கட்டி, சுற்றம் வாழ்த்த இல்லறம் ஏற்றவள் சட்டத்தின் கண்ணுக்கு மனைவியல்லள் என்றாயிற்று. அவளுடைய மக்களின் உரிமையும் ஆட்டங்கண்டது.

அதுகாறும் ஆடவர் நடத்திய சத்தியாக்கிரகத்தில் பெண்களும் இறங்கினர். கஸ்தூரிபாய் உள்ளிட்ட குழுவினர் 1913 செப்டம்பரில் எல்லை கடந்து சிறைப்பட்டனர். டிரான்ஸ்வாலிலிருந்து மற்றொரு மகளிர் குழு நியூகாசில் சென்றது. அக்குழுவினருட் பெரும்பாலோர் தமிழர். கைக்குழந்தையோடு சென்ற தாயரும் இருந்தனர். ஒப்பந்தம் முடிந்தோர் மீது ஆண்டுதோறும் விதிக்கப்பட்ட 3 பவுன் வரியை எதிர்த்து அவர்கள் பேசிய பேச்சு, நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரை வேலைநிறுத்தத்தில் இறக்கியது. அப்பெண்டிர்க்கு மூன்று மாதக் கடுங்காவல் கிடைத்தது.

பின்னர்ச் சிறை சென்றவர் தில்லையாடி வல்லியம்மை. சிறையில் நோயுற்று, விடுதலையானபின் 1914 பிப்ரவரி 22இல் உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 16. மணமாகாத அவ்விளம்பெண், மணமான பெண்டிரின் மானத்துக்காகவும் போராடி மறைந்தது எண்ணி எண்ணி உருகத்தக்கது.

1914இல் நிறைவேறிய இந்தியர் நிவாரணச் சட்டம் 3 பவுன் வரியை ஒழித்தது. மனைவி ஒருத்தியும் இளவயது மக்களும் வந்து சேர வழிசெய்தது. 1918இல் பேரரசு மாநாடு அவ்வுரிமையை ஏனைய பிரிட்டிஷ் நாடுகளில் நிலையாகக் குடியிருந்த இந்தியர்க்கும் உரைத்தது. ஆயின் வருபவர் முறையான மனைவி, மக்களே என இந்திய அரசு சான்றளித்தல் வேண்டும் என்றும் விதித்தது. இல்லறத்துக்கு ஊரார் சான்று போதாது, தாள் வேண்டும் என்ற நிலை இவ்வாறு உறுதிப்பட்டது. பெற்ற உரிமையும் நிலைக்கவில்லை. 1953இல் தென்னாப்பிரிக்க அரசு இந்தியாவிலிருந்து மனைவியரும் மக்களும் வருவதற்கே தடை கொணர்ந்தது. நிறவெறி ஆட்சி 1994இல் வீழ்ந்தது.

இன்று மாவட்ட ஆட்சியர் அலுவலகம் அமைந்துள்ள வேங்கிக்கால் பகுதியிலிருந்து அயல்நாட்டுக் கணவரிடம் செல்லும் பெண்ணும் திருமணப் பதிவுச் சான்றினைக் காட்டியே குடியிருப்பு விசா பெறுகிறாள். அத்தாளின் பின்னே ஒரு சிறைவாசத்தின் வரலாறு உண்டு. புலம்பெயர் வாழ்வைப் பாடும் கவிஞர், கரையில் நின்று கலங்கியவளை நிறையப் பாடியுள்ளனர். எல்லை கடந்து சிறை புகுந்தவளும் பாட்டுக்கு உரியவளே.