மணல் தட்டுப்பாட்டில் பிறந்த கரிமக் கணக்கு: செம்பவாங்கிலிருந்து ஒரு பார்வை

சிங்கப்பூரின் செம்பவாங்கிலுள்ள புக்கிட் கேன்பரா வளாகத்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் உணவங்காடிக்கோ நீச்சல் குளத்துக்கோ போகிறார்கள். மேட்டில் நிற்கும் சிவப்புச் செங்கல் மாளிகையை நிமிர்ந்து பார்ப்பவர்கள் சிலரே. அட்மிரல்டி ஹவுஸ் என்னும் அந்த வீடு பிரிட்டிஷ் கடற்படைத் தளத்துக்காக 1939 வாக்கில் எழுந்தது. 2002இல் தேசிய நினைவுச்சின்னமானது. தளத்தின் ஆறாம் ஜார்ஜ் உலர்துறை அதற்குச் சற்று முன்பு, 1938 பிப்ரவரி 14 அன்று திறக்கப்பட்டிருந்தது. அன்று சிமெண்டுக்கு மூட்டைக் கணக்கு இருந்தது, கூலிக்கு நாள் கணக்கு இருந்தது. சூளையிலிருந்து போன புகையை யாரும் எழுதி வைக்கவில்லை. அந்தப் புகை எப்போது, எதற்காக ஏட்டில் ஏறியது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. சிங்கப்பூரைப் பொறுத்தவரை இந்த அளவீட்டுக்கு வித்திட்டது பருவநிலைக் கவலையைவிட மணல் தட்டுப்பாடே என்பது என் வாதம்.

ஒரு கட்டுமானப் பொருளைத் தோண்டி, சுட்டு, சுமந்து, கட்டி, கடைசியில் இடித்து அகற்றும்வரை வெளியாகும் கரிம வாயுவை அதன் உட்பொதிந்த கரிமம் என்கிறோம். இதன் வேதியியல் நமக்குப் பழக்கமானதுதான். 1862இல் அருட்பொழிவு பெற்ற செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தை இந்தியக் கைதிகள் கட்டினார்கள். கிளிஞ்சல் சுண்ணாம்போடு முட்டை வெள்ளையும் சர்க்கரையும் சேர்த்து, தேங்காய் மட்டை ஊறிய நீர்விட்டு அரைத்த ‘மதராஸ் சுண்ணம்’ அதன் சுவர்களுக்குப் பூச்சானது. நூறு கிராம் சுத்தமான சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் 44 கிராம் கரியமில வாயுவாகப் போகும். விறகை மாற்றினாலும் அந்த 44 கிராம் குறையாது. சுண்ணாம்புப் பூச்சு காய்ந்து இறுகும்போது அதில் பெரும்பகுதியைக் காற்றிலிருந்து திரும்ப வாங்கிக்கொள்ளும். சிமெண்ட் அவ்வளவு தாராளமாக வாங்குவதில்லை.

அளவீட்டின் முதல் வடிவம் ஆற்றல் கணக்கு. 1970களின் எண்ணெய் நெருக்கடி அதற்கு வேகம் கொடுத்தது. நம் பக்கத்தில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் வெங்கடராம ரெட்டியும் ஜெகதீஷும் 2003இல் வெளியிட்ட ஆய்வு முக்கியமானது. ஒரு கிலோ சிமெண்டுக்கு 5.85 மெகாஜூல், எஃகுக்கு 42 மெகாஜூல் என்று அவர்கள் கணக்கிட்டார்கள். பிரிட்டனில் பாத் பல்கலைக்கழகத்தின் ஹாமண்டும் ஜோன்ஸும் பொருள்வாரியாகக் கரிம எண்களைத் தொகுத்தார்கள். 2011இல் வந்த ஐரோப்பியத் தரம் கட்டடத்தின் ஆயுளை, தயாரிப்பு முதல் இடிப்பு வரை, கட்டங்களாகப் பிரித்தது.

சிங்கப்பூரின் கதை வேறு திசையில் தொடங்குகிறது. 2007 தொடக்கத்தில் இந்தோனேசியா மணல் ஏற்றுமதிக்குத் தடை விதித்தது. கருங்கல் வரத்தும் தடுமாறியது. கான்கிரீட் விலை ஏறியது. அரசு தன் சேமிப்பிலிருந்து மணலைக் கொடுத்துச் சமாளித்தது. இதற்குப் பிறகுதான் கட்டட, கட்டுமான ஆணையம் தன் ‘கிரீன் மார்க்’ பசுமைக் கட்டட மதிப்பீட்டில் கான்கிரீட் பயன்பாட்டுக் குறியீட்டைப் புகுத்தியது. கணக்கு எளிது: ஒரு சதுர மீட்டர் தளப்பரப்புக்கு எத்தனை கன மீட்டர் கான்கிரீட்? 0.35க்குள் முடித்தால் முழுப் புள்ளி. அந்த கான்கிரீட்டில் சிமெண்ட் எவ்வளவு என்று குறியீடு கேட்கவில்லை. அடித்தளமும் நிலவறையும் கணக்கில் சேரவில்லை. கரிமத்தைத் தேடுகிறவர் இப்படியொரு அளவுகோலைச் செய்திருக்க மாட்டார். கல்லையும் மணலையும் மிச்சப்படுத்த நினைப்பவர் செய்வார்.

செம்பவாங்குக்கு மேற்கே கிராஞ்சியில் சம்வோ நிறுவனம் 2010இல் எழுப்பிய மூன்று மாடிக் கட்டடமும் இதையே காட்டுகிறது. இடித்த கட்டடங்களின் கான்கிரீட்டை நொறுக்கி, கருங்கல் ஜல்லிக்குப் பதிலாக சில பகுதிகளில் நூறு சதவீதம் வரை பயன்படுத்தினார்கள். பாராட்டத்தக்க துணிச்சல்தான். ஆனால் கான்கிரீட்டின் கரிமத்தில் பெரும்பங்கு ஜல்லியில் இல்லை, சிமெண்டில் இருக்கிறது.

ஒரு கன மீட்டர் கான்கிரீட்டில் 350 கிலோ சிமெண்ட் என்று வைத்துக்கொள்வோம். கிலோவுக்கு 0.9 கிலோ கரியமில வாயு என்றால் 315 கிலோ. அந்தச் சிமெண்டில் பாதியை எஃகு ஆலைக் கசடுத் தூளாக மாற்றினால், தூளுக்கு 0.08 என்று கொண்டு, ஏறக்குறைய 172 கிலோ. கலவை லாரியின் நிறமும் மாறாது, தளத்தில் நிற்கும் தொழிலாளி கண்ணுக்குப் பெரிய வித்தியாசமும் தெரியாது. கணக்கில் மட்டும் கிட்டத்தட்ட பாதி போய்விடும். பழைய குறியீடு இந்த இரண்டு கலவைகளுக்கும் ஒரே மதிப்பெண்தான் தந்திருக்கும். 2021ஆம் ஆண்டின் கிரீன் மார்க், கட்டடத்தின் முழு ஆயுள் கரிமத்தைத் தனிப் பகுதியாகவே சேர்த்தது; அந்தக் கணக்கில் இந்த வேறுபாட்டுக்கு இடம் உண்டு.

இன்னும் ஓர் ஓட்டை இருக்கிறது. அரைத்தால் சிமெண்டாகும் கிளிங்கரைச் சிங்கப்பூரில் சுடுவதில்லை. எல்லாம் கப்பலில் வருகிறது. சூளைப் புகை ஏற்றுமதி செய்யும் நாட்டின் கணக்கில் விழுகிறது. 2019இல் டன்னுக்கு 5 வெள்ளியாகத் தொடங்கி 2024இல் 25 வெள்ளியான கரிம வரி, உள்நாட்டு ஆலைகளின் புகைக்கே பொருந்தும். ஆகவே கட்டடவாரிக் கணக்கு ஒன்றே அந்தப் புகையை இங்கே காட்டுகிறது. அந்தக் கணக்கைப் பரிசுப் புள்ளிக்காக மட்டும் வைத்துக்கொள்ளாமல் கட்டட அனுமதிக்கே கட்டாயமாக்க வேண்டும் என்பேன்.

புக்கிட் கேன்பரா வளாகம் எழுந்தபோது அட்மிரல்டி ஹவுஸை இடிக்கவில்லை. அதன் செங்கற்களுக்கான புகை 1939 வாக்கிலேயே போய்விட்டது. நின்றபடியே பயன்படும்வரை, இன்றைய கணக்கு முறையில் அவற்றின் தயாரிப்புக் கட்டத்துக்கு நேரே பூஜ்யம்தான் விழும்.