திரையோரத்து ரெண்டு எண்கள்

போன மாசம் அக்காவுக்குத் துணையா ஒரு ஸ்கேன் சென்டருக்குப் போயிருந்தேன். சுவர்ல பெரிய பலகை: கருவின் பாலினம் சொல்றது குற்றம். 1994-ம் வருஷச் சட்டம். அது எல்லார் கண்ணுலயும் படும். எனக்குத் திரையோரத்துல பொடி எழுத்துல இருந்த ரெண்டு எண்கள் பட்டுச்சு. டி.ஐ., எம்.ஐ.

"இதென்ன மேடம்?"

"அது மெஷின் காட்டுறது சார்."

சரின்னு, "இன்னும் கொஞ்ச நேரம் காட்டுங்களேன்"னு பாப்பா கையாட்டுறதை ரசிச்சுட்டு வந்தேன். வெளிய வந்ததும் அக்கா கேட்டா, "டேய், இதால பாப்பாவுக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?"

பொட்டி தட்டுறவனுக்கு என்ன தெரியும்? உக்காந்து படிச்சேன்.

கதை கிளாஸ்கோவில் தொடங்குது. உலோகத்தில் விரிசல் தேடுற கருவியால வயித்துக்கட்டியைப் பார்க்கலாமான்னு யோசிச்சவர் மகப்பேறு மருத்துவர் இயன் டொனால்டு. கருவியை வடிவமைச்சவர் டாம் பிரவுன்ங்கிற இளம் எஞ்சினியர் (நம்மாளு!). இவங்களும் ஜான் மெக்விகாரும் சேர்ந்து 1958-ல் 'லான்செட்' இதழில் கட்டுரை எழுதினாங்க.

பாதுகாப்பு வரம்பெல்லாம் ரொம்பப் பின்னாடி வந்தது. 1976-ல் அமெரிக்காவில் மருத்துவக் கருவிகளுக்கான சட்டத்திருத்தம் வந்துச்சு. அதுக்கு முன்னாடி சந்தையில் இருந்த கருவிகள் அதிகபட்சம் எவ்வளவு வலுவா ஒலி அனுப்புச்சோ, அதையே பிற்பாடு வரம்பா வெச்சாங்க. கருவுக்கு, சதுர சென்டிமீட்டருக்கு 94 மில்லிவாட். எங்கே கெடுதி ஆரம்பிக்கும்னு அளந்து வெச்ச கோடு இல்லை அது. பழைய வெர்ஷன் பிரச்சினையில்லாம ஓடுச்சு, புதுசும் அப்படியே ஓடட்டும்ங்கிற நம்ம ஆபீஸ் லாஜிக்தான்.

1992-ல் புதுத் தரநிலை வந்துச்சு. அதை ஏத்துக்கிட்ட கருவிகளுக்கு வரம்பு 720 ஆச்சு. ஏழு மடங்குக்கும் மேல! பதிலுக்கு ஒரு நிபந்தனை: ரெண்டு எண்களைத் திரையில் காட்டணும். டி.ஐ.ங்கிறது திசு சூடாகுற வாய்ப்பைச் சொல்லும். எம்.ஐ.ங்கிறது ஒலியழுத்தத்தால் குமிழிகள் உண்டாகித் திசுவைச் சிதைக்கிற வாய்ப்பைச் சொல்லும். அதாவது, காவல் வேலை கருவிகிட்டேயிருந்து அதை இயக்குறவர் கைக்கு மாறிடுச்சு. தேவையான படத்துக்கு எவ்வளவு வலுவும் நேரமும் போதுமோ, அவ்வளவுதான் அவர் பயன்படுத்தணும்.

அவங்க எண்களைப் பார்க்குறாங்களா? 2007-ல் வெளியான ஒரு ஆய்வுல, டி.ஐ.ன்னா என்னன்னு சரியாச் சொன்ன ஸ்கேன் பயனர்கள் ஐந்தில் ஒருத்தருக்கும் குறைவு. எம்.ஐ. அதைவிட மோசம். எச்சரிக்கையைப் படிக்காமலே 'ஓகே' அமுக்குற நமக்குச் சிரிக்கத் தகுதியில்லைங்க.

அக்காகிட்ட சொன்னேன்: இந்த ஸ்கேனால மனுஷங்களுக்குக் கேடு வந்ததா நிரூபணம் இல்லை, டாக்டர் எழுதிக் கொடுத்ததை விடாதே. ஆனா அந்த நிம்மதிக்கு ஆதாரமான ஆய்வுகள்ல பெரும்பாலானவை 1992-க்கு முந்தைய, வலு குறைஞ்ச கருவிகளை வெச்சுச் செஞ்சது.

அதனால அடுத்த தடவை, "இன்னும் கொஞ்ச நேரம்"னு நான் கேக்கப் போறதில்லை. பாப்பா கையாட்டுறதை வெளிய வந்தப்புறம் பாத்துக்கலாம்.