நான்காம் படி: 1943இன் பெங்களூரும் பழுதுபார்ப்பின் வரலாறும்

படைத்துறையில் பழுதுபார்க்கும் பணியைப் பல நிலைகளுக்குப் பகிர்ந்தளிப்பர். அந்நிலை ஒவ்வொன்றுக்கும் ‘எச்சலான்’ என்று பெயர். பிரெஞ்சு மொழியில் ஏணிப்படியைக் குறித்த சொல் அது. பதவிகளின் ஏணியில் மனிதர் ஏறுகிறார். இந்த ஏணியில் பழுதான பொறி ஏறுகிறது. முதற்படி போர்முனையில் இருக்கும். கடைசிப்படி போர் எட்டாத தொலைவில் இருக்கும். இரண்டாம் உலகப்போரில் அத்தகைய கடைசிப்படிகளுள் ஒன்று பெங்களூரில் இருந்தது.

அமெரிக்க இராணுவ வான்படை விமானப் பராமரிப்பை நான்கு படிகளாக வகுத்திருந்தது. பறப்பதற்கு முன் செய்யும் சோதனை, எரிபொருள் நிரப்புதல், சிறு சரிக்கட்டல் ஆகியவை முதற்படி. இவற்றை விமானத்தை இயக்கும் குழுவினரே செய்துகொள்வர். இரண்டாம் படி தரைப்பணியாளர்களுடையது. மூன்றாம் படியில் நடமாடும் பட்டறைகளுடன் சேவைக் குழுக்கள் இருந்தன. நான்காம் படி டிப்போ. விமானத்தை முழுவதுமாகப் பிரித்து, தேய்ந்த பாகங்களைப் புதுப்பித்து, மீண்டும் பூட்டுவது அங்கேதான்.

இப்பகுப்புக்குத் தொழில்திறன் ஓர் அளவுகோல் மட்டுமே. கருவியின் எடையும் கையிலுள்ள நேரமும் அதற்கு இணையானவை. நாளையே இடம்பெயர வேண்டிய பிரிவு கனத்த கடைசல் எந்திரத்தைச் சுமந்து செல்ல இயலாது. முன்னணி விமானத்தளத்தில் வாரக்கணக்கில் பிரிந்து கிடக்கும் விமானம் எதிரிக்கு எளிய இலக்கு. ஆகவே ஒவ்வொரு படிக்கும் இரண்டு ஆணைகள் இருந்தன: இவற்றைச் செய், இதற்கு மேல் திறக்காதே. இரண்டாம் ஆணையே இம்முறையின் உயிர்நாடி எனலாம். பணியைப் பகிர்வது என்பது, யார் எதைத் திறந்து பார்க்கலாம், அதன்வழி எதைக் கற்கலாம் என்பதையும் பகிர்வதாகும்.

வால்சந்த் ஹீராசந்த் முனைப்பில், மைசூர் அரசின் துணையோடு, 1940 டிசம்பரில் ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் நிறுவனம் பெங்களூரில் தொடங்கப்பட்டது. விமானம் கட்டுவதே அதன் நோக்கம். 1941இல் ஹார்லோ பயிற்சி விமானம் இங்கிருந்து பறக்கவும் செய்தது. ஜப்பானியப் படைகள் பர்மாவை எட்டிய 1942இல் அரசு நிருவாகத்தை ஏற்றது. 1943இல் ஆலை அமெரிக்க வான்படையிடம் ஒப்படைக்கப்பட்டு, 84ஆம் விமான டிப்போ என்று அறியப்பட்டது. அசாம் விமானத்தளங்களிலிருந்து 2000 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த பெங்களூர் இவ்வாறு ஏணியின் நான்காம் படியாயிற்று. கேட்டலினா நீர்-நில விமானத்தில் தொடங்கி, இந்திய-பர்மியப் போர்க்களத்தில் பறந்த பலவகை விமானங்களும் இங்கே முழுச் சீரமைப்புப் பெற்றன. அதே ஆண்டு அக்டோபர் 15இல் இந்தியத் தரைப்படையும் பழுதுபார்ப்புக்கெனத் தனிப் பொறியியல் பிரிவை நிறுவிக்கொண்டது. இன்றைய இ.எம்.இ. அதன் வழிவந்ததே.

தொழில் வரலாற்றை எழுதுகையில் நாம் ‘முதலில் கட்டிய விமானம்’ என்பதையே கொண்டாடுகிறோம். ஆனால் அந்த ஆலையை உருவாக்கியதில் பழுதுபார்த்த அவ்விரண்டாண்டுகளின் பங்கு பெரிது என்பது என் துணிபு. ஒரே வகை விமானத்தைக் கட்டுபவர் அதை மட்டுமே அறிவார். டிப்போவில் நின்றவரோ, பல ஆலைகளில் பிறந்த விமானங்கள் எங்கே தேய்கின்றன, எங்கே முறிகின்றன என்பதை அறிந்தார்.

அவ்வறிவுக்குச் சான்று 1948இல் கிடைத்தது. போர் முடிந்தபின் கான்பூரில் கைவிடப்பட்ட லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்கள், மீண்டும் பறக்கக் கூடாதென்றே சேதப்படுத்தப்பட்டிருந்தன. அவற்றை ஒரே ஒருமுறை பறக்கும் அளவுக்கு அங்கேயே ஒட்டுப்போட்டனர். சோதனை விமானி ஜாம்ஷெட் முன்ஷி அவற்றைப் பெங்களூருக்கு ஓட்டி வந்தார். முழுச் சீரமைப்பு இங்கே நடந்தது. நான்காம் படியினர் களத்துக்கே இறங்கிச் சென்று கீழ்ப்படிகளின் வேலையையும் செய்தனர் என்பது கருதத்தக்கது. மேற்படியின் அறிவு கீழ்ப்படியின் வேலையையும் தன்னுள் அடக்கும். கீழ்ப்படிக்கு அது கைகூடாது. அவ்விமானங்கள் 1968 வரை இந்திய வான்படையில் பறந்தன.

இது பழங்கதை மட்டுமன்று. 2017 ஆகஸ்டில் ஷேகட்கர் குழுவின் 65 பரிந்துரைகளை அரசு ஏற்றது. ஏறத்தாழ 57,000 பணியிடங்களின் மறுபகிர்வும் அதில் அடங்கும். தரைப்படையின் பழுதுபார்ப்புப் படிகளைச் சீரமைப்பது அப்பரிந்துரைகளுள் ஒன்று. அல்சூரிலுள்ள 515 தரைப்படை அடித்தளப் பணிமனை போன்றவை இவ்விவாதத்தின் மையத்தில் நிற்பவை. ஒரு படியை நீக்கினால் மிச்சமாகும் தொகையைக் கணக்கிடுவது எளிது. அப்படியில் நின்றவரின் கை அறிந்திருந்ததை எந்தப் படிக்கு மாற்றுவது என்னும் வினாவையும் உடன் எழுப்ப வேண்டும்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். விவேக் நகர், அல்சூர், பழைய கண்டோன்மெண்டைச் சுற்றிய பகுதிகளில் வாழ்வோர் வீட்டுப் பெரியவர்கள் எவரேனும் அந்த டிப்போவில் பணிபுரிந்திருந்தால், அவர்கள் சொன்னவற்றை எழுதி வையுங்கள். அவர்கள் வழங்கிய தொழிற்சொற்களையும் சேர்த்தே எழுதுங்கள்.