திருகோணமலைத் துறையும் யப்பானியப் பசுந்தேயிலையும்

திருகோணமலைத் துறைமுகத்தின் வரலாறு பெரும்பாலும் கடற்படைகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. 1942ஆம் ஆண்டு ஏப்பிரல் 9ஆந் திகதி நகுமோவின் விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து எழுந்த யப்பானிய விமானங்கள் துறைமுகத்தையும் சீனக்குடாவையும் தாக்கியமை அதில் தவறாது இடம்பெறும். ஆயின் யப்பானுக்கும் இலங்கைக்கும் இடையே அதற்கு அரை நூற்றாண்டின் முன்னரே வேறொரு போட்டி நிகழ்ந்தது. அது தேயிலைப் போட்டி. அதன் களம் ஐக்கிய அமெரிக்கா.

யப்பானியப் பசுந்தேயிலையின் இயல்பு அதன் செய்முறையோடு பிணைந்தது. கறுப்புத் தேயிலைக்காகக் கொழுந்தை வாடவிட்டு, உருட்டி, ஒட்சியேற விடுவர். யப்பானியரோ பறித்த கொழுந்தை உடனே நீராவியில் அவித்து, ஒட்சியேற்றத்துக்குக் காரணமான நொதியங்களைச் செயலிழக்கச் செய்வர். 1738இல் இம்முறையைச் செம்மைப்படுத்தியவராக உஜிப் பகுதியினரான நாகத்தானி சோயென் போற்றப்படுகின்றார். மங்காத பசுமை நிறம், கடற்பாசியை நினைவூட்டும் மணம், துவர்ப்பினூடே எழும் ஒருவகைச் சாரச் சுவை ஆகியன இவ்வாறு கிடைப்பன. அச்சாரச் சுவைக்குரிய தியனைன் என்னும் அமினோ அமிலம் 1949இல் யப்பானிலேயே பிரித்தறியப்பட்டது. கடும் வெயிலில் தியனைன் குறைந்து, துவர்ப்பைத் தரும் கற்றெக்கின்கள் பெருகும். ஆதலால் கியோக்குரோ என்னும் உயர்வகைக்குப் பறிப்பதற்கு முன் ஏறத்தாழ மூன்று வாரம் செடிகளுக்கு நிழலமைப்பர். அதனைக் கொதிநீரில் இடுவதுமில்லை. நன்கு ஆறிய நீரே அதற்கு ஏற்றது. சாயம் தடிக்கச் சீனியிட்டுப் பருகிப் பழகிய துறைமுகத் தொழிலாளிக்கு இது தேநீராகவே தோன்றாது!

1859இல் யொக்கொகாமாத் துறை திறக்கப்பட்டபின் இத்தேயிலையின் தலையாய சந்தையாக அமெரிக்கா விளங்கியது. 1867இல் லூல்கந்துரையில் யேம்ஸ் ரெயிலர் 19 ஏக்கரில் தொடங்கிய இலங்கைத் தேயிலைச் செய்கையோ, கோப்பியின் வீழ்ச்சிக்குப்பின் விரைந்து பெருகிப் புதிய சந்தை தேடியது. ஏற்றுமதித் தேயிலைமீது வரி அறவிடப்பட்டு, அப்பணம் விளம்பரத்திற் செலவிடப்பட்டது. 1893ஆம் ஆண்டுச் சிக்காகோக் கண்காட்சியிலும் இலங்கைத் தேநீர் பரிமாறப்பட்டது. இங்கு நோக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. அமெரிக்கரின் நாவைக் கறுப்புத் தேநீருக்குத் திருப்ப முயன்ற தோட்டக்காரரே, அந்நாவுக்கிணங்கிப் பசுந்தேயிலையும் செய்யத் துணிந்தனர். அதற்கு ஊக்கப் பணமும் வழங்கப்பட்டது. எனினும் இலங்கையிற் பரவியது பெரும்பாலும் கற்றெக்கின் மிகுந்த அசாம் இனம். வெயிலோ வெப்பவலய வெயில். உஜியின் மென்மை இவ்விலையில் எளிதில் வாய்ப்பதன்று. ஆயினும் முயற்சி நிலைபெறாமைக்கு இதுவே முழுக் காரணம் எனல் பொருந்தாது. அமெரிக்கச் சந்தையே படிப்படியாகக் கறுப்புத் தேயிலையின் பக்கம் சாய்ந்துகொண்டிருந்தது.

இப்போட்டியிற் திருகோணமலைக்குப் பங்கில்லை. கண்டிக்கான புகையிரதப் பாதை 1867இலும், கொழும்பின் அலைதடுப்பு 1885இலும் நிறைவுற்றன; மலைநாட்டுத் தேயிலை அவ்வழியே சென்றது. உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்று பேரரசின் போர்க்கப்பல்களுக்கென ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தது. கிழக்கிலங்கை மக்களின் பொருளாதாரத்துக்கு இதனால் விளைந்த இழப்பு இன்னும் போதியளவு ஆராயப்படவில்லை.

1942 மார்ச்சில் யாவா வீழ்ந்தது. அதன்பின் நேச நாடுகளின் தேயிலைக்கு இந்தியாவும் இலங்கையுமே பெரும் புகலாயின. சீனக்குடாவைத் தாக்கிய விமானங்கள் தேடிவந்தது கடற்படையையே; ஆயின் அக்கடற்படை காத்துநின்ற கடல்வழிகளிற் தேயிலையும் சென்றது. அதே போர் யப்பானியத் தேயிலைக்கு அமெரிக்க வழியையும் அடைத்துவிட்டது. போர் முடிந்தபின் அமெரிக்கரின் பெருவழக்காக நிலைத்தது கறுப்புத் தேநீரே.

1957இல் பிரித்தானியக் கடற்படைத் தளம் இலங்கையிடம் கையளிக்கப்பட்டது. அதன் பின்னரே திருகோணமலைத் துறை வணிகத்துக்கென வளரத் தொடங்கி, மலைநாட்டுத் தேயிலைப் பெட்டிகள் இங்கிருந்தும் கப்பலேறின. அவற்றுள் இருந்தது பெரும்பாலும் கறுப்புத் தேயிலை.