ஒட்டகத்தின் காதோரமும் வெப்பப் படக் கருவியும்

2020ஆம் ஆண்டுக் கொள்ளை நோயின்போது நாம் ஒரு சிறு கருவிக்கு நெற்றியை நீட்டிவிட்டே எங்கும் நுழைய வேண்டியிருந்தது. தேனாம்பேட்டை அலுவலகங்களாயினும் பள்ளிவாசலாயினும் இதே நிலைதான். உடலைத் தொடாமலே சூட்டைக் கூறும் அக்கருவியின் உடன்பிறப்பு ஒன்று, இன்று வாயில்லாப் பிராணிகளின் அச்சத்தையும் வேதனையையும் அறியப் பயன்பட்டு வருகிறது. அதன் பின்னணி வரலாறு நமக்கு அந்நியமானதன்று.

அபூதாவூத் தொகுப்பில் அப்துல்லாஹ் இப்னு ஜஃபர் (ரலி) அறிவிக்கும் நிகழ்ச்சியை வாசகர்கள் அறிவர். அன்ஸாரி ஒருவரின் தோட்டத்தில் நின்ற ஒட்டகம் நாயகம் (ஸல்) அவர்களைக் கண்டதும் ஏங்கிக் குரலெழுப்பிக் கண்ணீர் வடித்தது. அண்ணலார் அருகே சென்று அதன் காதின் பின்புறத்தைத் தடவிக் கொடுக்க, அது அமைதியுற்றது. பின்னரே அதன் உரிமையாளரை அழைத்து, பட்டினி போட்டு ஓயாது வேலை வாங்குவதாக அது முறையிடுவதை எடுத்துரைத்தார்கள். அவர்கள் தடவிய இடத்திற்கு அரபியில் 'திஃப்ரா' என்று பெயர். ஒட்டகத்துக்கு முதலில் வியர்வை அரும்பும் இடம் அதுவே என்று அகராதியாசிரியர்கள் எழுதி வைத்துள்ளனர். உள்ளக் கலக்கம் தோலில் தென்படும் என்பதைப் பாலைவன மக்கள் அறிந்திருந்தனர் போலும்!

இப்னு ஸீனா (980–1037) நாடியில் விரல் வைத்தபடியே பெயர்களைச் சொல்லிப் பார்த்து, காதல் நோயாளியின் மனத்தில் உள்ளவர் யாரெனக் கண்டறியும் முறையை விவரித்தார். உணர்ச்சிக்கு உடலில் சான்று தேடும் வழி அது. 1800இல் வில்லியம் ஹெர்ஷல், முப்பட்டகத்தால் பிரித்த வெயிலில் சிவப்பு நிறத்துக்கும் அப்பால் வெப்பமானியை வைத்து, கண்ணுக்குப் புலனாகாத கதிர் உண்டெனக் காட்டினார். வெப்பப் படக் கருவி பிடிப்பது அக்கதிரைத்தான்.

அஞ்சிய உயிரின் தோலருகேயுள்ள இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. மூக்கு நுனியும் காதும் குளிர்கின்றன. 2005இல் ஜப்பானிய ஆய்வாளர்கள், அச்சுறுத்தும் மனிதர் நெருங்கும்போது குரங்கின் மூக்கு குளிர்வதைப் பதிவு செய்தனர். மரத்துப்போகும் மருந்தின்றிக் கொம்புக் குருத்தைச் சுட்ட கன்றுகளின் கண் வெப்பம் உடனே தாழ்ந்ததை 2008இல் வெளிவந்த ஓர் ஆய்வு தெரிவித்தது. ஆனால் 2015இல் வேறொன்று வெளிவந்தது. பரிவுடன் தடவிக் கொடுக்கப்பட்ட பசுக்களின் மூக்கும் குளிர்ந்ததாம்! அச்சமா அமைதியா என்பதைப் படம் மட்டும் பார்த்துச் சொல்லிவிட இயலாது. விலங்கின் நடத்தையையும் சூழலையும் சேர்த்தே படிக்க வேண்டும். கருவியைக் கண்டதும் மயங்குவோர் இதை மறந்துவிடுகின்றனர்.

நம் நாட்டில் இவ்வழக்கு பெரும்பாலும் மனிதக் கண்களை நம்பியே நடந்தது. 1960ஆம் ஆண்டு வதைத் தடைச் சட்டத்தின் கீழ் 1962இல் அமைந்த இந்திய விலங்கு நல வாரியம், ருக்மணிதேவி அருண்டேலின் தலைமையில் தொடங்கி, 2018 வரை சென்னையிலேயே தலைமையகம் கொண்டிருந்தது. ஜல்லிக்கட்டுக் காளைகளின் வால் முறுக்கப்படுவதையும் அவை மிரள்வதையும் அதன் பார்வையாளர்கள் எழுதிய அறிக்கைகளைக் கொண்டே 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. தமிழகம் 2017இல் சட்டத் திருத்தம் செய்தது. 2023இல் அரசியல் சாசன அமர்வு அதனை ஏற்றது. ஒரே காளையின் அச்சத்தை இரு தரப்பாரும் இரு விதமாகப் படித்தனர். நீலகிரிப் பகுதிக் காட்டு யானைகளின் சாணத்தை ஆராய்ந்து, வறண்ட பருவத்தில் உடல் மெலியும்போது அழுத்தச் சுரப்பு மிகுவதைக் கண்டவர்களும் நம் நாட்டார்தாம். மதுக்கரை இரயில் பாதையில் 2024 முதல் இயங்கும் வெப்பக் கருவிகளோ யானை வருவதை மட்டும் சொல்லும். அதன் மனத்தைச் சொல்லா.

நமக்கு இது ஏட்டுச் செய்தியன்று. ஆட்டைக் கிடத்தி வைத்துக்கொண்டு கத்தி தீட்டியவரை நோக்கி, அதை இரு முறை சாகடிக்க விரும்புகிறீரா எனும் கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் கடிந்துரைத்ததாக அறிவிப்பு உண்டு. 2001ஆம் ஆண்டு மத்திய அரசின் அறுப்புக்கூட விதிகளும் ஒரு பிராணியின் கண்ணெதிரே மற்றொன்றை அறுக்கலாகாது என்கின்றன. ஹஜ்ஜுப் பெருநாளன்று ஒரே முற்றத்தில் ஆடுகளை வரிசையாகக் கட்டி வைத்து ஒவ்வொன்றாக அறுப்போர், அவற்றின் மூக்கு நுனியைப் படம் பிடிக்க வேண்டியதில்லை. கயிற்றை இழுத்துப் பின்வாங்கும் அடுத்த ஆட்டைத் திரும்பிப் பார்த்தால் போதும்.